அப்பா பாஸ்

துபாயில் லைசென்ஸ் எடுப்பதைவிடப் பெண்ணுக்கு வரன் பார்ப்பது சுலபம் என்று கராமாவில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் சொல்லுவார்கள். ஜெயபாரதி முதலில் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டு முறை ஃபெயிலான பிறகு அவளும் அதையே அடுத்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

அது 2007. அவள் கணவன் அனந்தகிருஷ்ணன் ஏசி கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவள் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்த்தாள். அலுவலகம் ஊருக்கு வெளியே இருக்கும் ஜெபல் அலிக்கு மாறப்போகிறது என்று பேச்சு எழுந்ததும்தான் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பியது. திருச்சி பொன்மலையில், ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பாவுக்கு இதில் அலாதி சந்தோஷம். வெள்ளிக்கிழமை போன் போட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்.

“என்னம்மா, பாஸா?”

“இல்லப்பா. இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சு.”

“நான் ரயில் இன்ஜினையே பிரிச்சு மாட்டினவன். என் பொண்ணு ஒரு காரை நேரா நிறுத்த மாட்டேங்குதே! வேணும்னா டெஸ்ட் எடுக்கற அந்த போலீஸ்கிட்ட நான் பேசட்டுமா?”

பக்கத்தில் அம்மா அவரை அதட்டுவது கேட்கும். அப்பாவுக்குக் கேலிதான் மூச்சு. துக்க வீட்டுக்குப் போனால்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவார். அதற்காகவே அம்மா அவரை ஓரமாக உட்காரச் சொல்லுவாள்.

பயிற்சிப் பள்ளியில் ஜெயபாரதிக்குக் கிடைத்த ஆசிரியை அஸ்மத் பீவி. கீழக்கரைக்காரி. கணவனோடு துபாய் வந்து பாதி ஆயுள் கழிந்துவிட்டது. அரபி, உருது, மலையாளம் எல்லாவற்றிலும் திட்டத் தெரிந்தவள். அவளிடம் கற்றுக்கொண்ட இன்னொருத்தி யான்லிங். சீனாவில் வென்சோ ஊர்க்காரி. டிராகன் மார்ட் என்ற சீனச் சந்தையில் கணவனோடு சேர்ந்து குழாய், ஷவர் விற்கும் கடை வைத்திருந்தாள். கணவன் சரக்கு எடுக்க ஊருக்குப் போய்விட்டால் கடை முழுக்க அவள் பொறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே காரில் மாற்றி மாற்றி வகுப்பு. ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பின்சீட்டில்.

இருவருக்கும் நடுவே இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். யான்லிங்கிடம் அது கடைக்கு வேண்டிய அளவே இருந்தது. விலை, தள்ளுபடி, நல்ல குவாலிட்டி, நாளைக்கு வா. ஒரு சொல் தெரிந்துவிட்டால் அதை இறுகப் பிடித்துக்கொள்வாள். பயிற்சிப் பள்ளிக்கு வந்து அவள் பிடித்துக்கொண்ட சொல் ‘பாஸ்’.

அங்கே எல்லோர் வாயிலும் அதுதானே! பாஸா, ஃபெயிலா? பாஸானவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், புருஷனுக்கு போன் போட்டுக் கத்தினார்கள். இங்கிலீஷில் இதைவிட இனிப்பான சொல் இருக்க முடியாது என்று யான்லிங் முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவே முதல் டெஸ்ட்டில் அவளைக் கவிழ்த்தது.

டெஸ்ட் அன்று ஒரே காரில் மூன்று பெண்கள் ஏறுவார்கள். கறுப்பு அபாயா அங்கி அணிந்த தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக ஓட்டச் சொல்லுவார். அன்று யான்லிங் முதலில் ஓட்டினாள். அழகாகத்தான் ஓட்டினாள். முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. தேர்வாளர் கையை நீட்டி, “பாஸ், பாஸ்” என்றார். லாரியைத் தாண்டிப் போ என்று அர்த்தம். யான்லிங்கின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே பிரேக்கை மிதித்து நடுரோட்டில் காரை நிறுத்தினாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தேர்வாளரின் கையைப் பிடித்துக் குலுக்கி, “தேங்க் யூ மேடம், தேங்க் யூ!” என்றாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

“கலாஸ்” என்று அரபியில் முடித்துவிட்டார் தேர்வாளர். “பின்னாடி போய் உட்கார்.”

அன்று மாலை பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் யான்லிங் தேநீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். “அவங்க பாஸ் சொன்னாங்க. நீ கேட்டே. ஏன் ஃபெயில்?”

ஜெயபாரதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். லாரியைத் தாண்டினாலும் பாஸ்தான். சர்க்கரையை எடுத்து நீட்டச் சொன்னாலும் பாஸ்தான். ஜெபல் அலி வாசலில் காட்டுகிற அட்டையும் பாஸ். பந்தைத் தட்டிவிட்டால் அதுவும் பாஸ். யான்லிங் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், “ஒரே சொல், இவ்வளவு வேலை. பாவம்” என்றாள். ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யான்லிங்கும் சிரித்தாள். அன்றிலிருந்துதான் இருவரும் சிநேகிதிகள்.

எல்லா அர்த்தத்தையும் சொல்லிவிட்டதாகத்தான் ஜெயபாரதி நினைத்தாள். விட்டுப்போன ஒன்று, சர்க்கரைப் பொட்டலமும் தேநீருமாக இருக்கிற இடத்தில் யாருக்கு நினைவு வரும்?

சித்திரை பிறந்த கையோடு அப்பாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் திங்கட்கிழமை ஆஞ்சியோகிராம் என்றார்கள். அந்த வாரம் வகுப்பில் ஜெயபாரதிக்குக் கியர் எது, பிரேக் எது என்று தெரியவில்லை. “எங்க இருக்கு உன் புத்தி?” என்று அஸ்மத் பீவி கேட்டாள். பின்சீட்டிலிருந்து யான்லிங்கும் குனிந்து பார்த்தாள்.

“எங்கப்பாவுக்குத் திங்கட்கிழமை டெஸ்ட்” என்று ஜெயபாரதி இங்கிலீஷில் சொன்னாள். “ரொம்பப் பெரிய டெஸ்ட். பயமா இருக்கு.”

யான்லிங் அவள் தோளைத் தட்டினாள். “பயப்படாதே. அப்பா பாஸ் ஆவார்.”

டெஸ்ட்டில் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மறுநாள் விடியற்காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, தண்ணீர் கேட்டு அம்மா எடுத்து வருவதற்குள் போய்விட்டார். தம்பி போனில் அழுதான். ஜெயபாரதிக்கு அழுகை வரவில்லை. பெட்டியில் எதை எடுத்து வைத்தாள் என்றே தெரியாமல் துணியைத் திணித்தாள். அனந்தகிருஷ்ணன் டிக்கெட்டுக்கு அலைந்து, சென்னை வழியாக அவளை ஏற்றிவிட்டான். லீவு கிடைத்ததும் பின்னால் வருவதாகச் சொன்னான்.

விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு அலுவலகத்துக்கும் யான்லிங்குக்கும் மெசேஜ் அடித்தாள். அப்பா இறந்துவிட்டார் என்பதற்கு இங்கிலீஷில் இருக்கிற நேரான சொல்லை அடிக்க விரல் வரவில்லை. அந்தச் சொல்லில் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் இருந்தது. அதனால் கடந்து போய்விட்டார் என்கிற மெல்லிய சொல்லாகப் போட்டாள். ‘அப்பா பாஸ்ட். இந்தியா போகிறேன். கிளாஸ் வர முடியாது.’ அனுப்பிவிட்டு போனை அணைத்தாள்.

பொன்மலை வீட்டில் அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெயபாரதி போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அழுகை வரவில்லை. வந்திருந்த பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “வெளிநாட்டுப் பொண்ணு. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாரு” என்று சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ சிமெண்ட் பூசிவிட்ட மாதிரி இருந்தது.

தம்பி வந்து, “அக்கா, துபாய்லேர்ந்து மாமா கூப்பிட்டாராம். போனை ஆன் பண்ணு” என்றான். போனை உயிர்ப்பித்ததும் கிணுகிணுவென்று மெசேஜ்கள் இறங்கின. ஒன்று யான்லிங்கினுடையது.

‘வாழ்த்துகள்!!! அப்பா ரொம்பக் கெட்டிக்காரர். முதல் தடவையே பாஸ்! எனக்குப் பொறாமை. நாம் ரெண்டு பேரும் ஃபெயில், அப்பா பாஸ். அவரிடம் சொல், யான்லிங் பிராவோ சொன்னாள். இந்தியா ஸ்வீட் கொண்டு வா.’

ஜெயபாரதி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். தலையைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடி, ஏதோ வேடிக்கையை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவர் போலத்தான் இருந்தார். இது மட்டும் அவர் கைக்குக் கிடைத்திருந்தால்! ஒர்க்ஷாப் வாசலில் நின்று வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். ‘என் பொண்ணு நாலு தடவை எழுதினாலும் தேறாது, நான் ஒரே தடவையில பாஸ்டா!’ அந்தக் குரல் காதுக்குள் அப்படியே கேட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அடங்கவில்லை. தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். சிரிப்பு தொண்டையில் எங்கோ இடறி, அவளே எதிர்பாராத ஒரு சத்தமாக வெளியே வந்தது. “அப்பா!” என்று கத்திக்கொண்டு பெட்டியின் மேல் விழுந்தாள். அதன் பிறகு அவளை யாராலும் தேற்ற முடியவில்லை. அம்மா எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தாள். அதுவரை பேசாமல் இருந்த அம்மாவும் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

யான்லிங்குக்கு அவள் பதில் அனுப்பவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பிறகு எழுதலாம், பிறகு எழுதலாம் என்று காரியமெல்லாம் முடிந்து துபாய் திரும்புகிற வரைக்கும் தள்ளிப்போட்டாள்.

திரும்பி வந்து வகுப்புக்குப் போனால் பின்சீட்டு காலியாக இருந்தது.

“யான்லிங் எங்க, அக்கா?”

அஸ்மத் பீவி காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். “அதை ஏன் கேக்குற? நீ ஊருக்குப் போன அன்னைக்கு, பெரிய கேக் ஒண்ணு வாங்கிட்டு வந்து நிக்கிறா. ஜெயா வாப்பா பாஸ்னு ஒரே குதி. ஒன் மாப்பிள்ளை எனக்குக் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. நான் என்ன செய்வேன்? புள்ள, அது பாஸ் இல்ல, அவுக வாப்பா மௌத்தாயிட்டாகன்னு சொன்னேன். அவளுக்கு விளங்கல. கண்ணை மூடி, கையை நெஞ்சில வச்சுக் காட்டினேன். அப்பத்தான் விளங்குச்சு. கேக்கைக் கீழ வச்சிட்டு அந்தப் படியில உக்காந்தா பாரு, எந்திரிக்கவே இல்ல. அன்னைலேர்ந்து வகுப்புக்கு வரல. டெஸ்ட் தேதியையும் விட்டுட்டா. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா.”

ஜெயபாரதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி. ஒரே ஒரு வரி திருப்பி எழுதியிருந்தால் போதுமே என்று மனசு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை அனந்தகிருஷ்ணன் அவளை டிராகன் மார்ட்டில் இறக்கிவிட்டான். “நானும் வரட்டுமா?” என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனை தெரியாத கட்டடம் அது. டைல்ஸ், பொம்மை, சோபா, பிளாஸ்டிக் ரோஜா என்று கடை கடையாகத் தாண்டி, குழாய்க் கடைகள் இருக்கும் பகுதியைக் கண்டுபிடிப்பதற்குள் கால் வலித்தது. ஒரு கடையில் பிளம்பர் வேலை செய்யும் பாகிஸ்தான் பட்டான் ஒருவர் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் யான்லிங்.

ஜெயபாரதியைப் பார்த்ததும் அவள் சட்டென்று உள்ளே மறைந்தாள். ஷவர்கள் வரிசையாகத் தொங்கிய தட்டிக்குப் பின்னால் அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது. ஜெயபாரதி அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து யான்லிங் வெளியே வந்தாள். துக்கக்காரிக்கு முன்னால் சிவப்பு ஆகாது என்று, போட்டிருந்த சிவப்பு மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். கைகளைத் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஜெயபாரதிக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தாள். நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். மூன்றாவது தடவை குனிந்தவளை ஜெயபாரதி பிடித்துத் தூக்கினாள். பட்டான் குழாயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பிறகு வருவதாகச் சைகை காட்டிப் போய்விட்டார்.

“நான் செத்துப்போனவருக்கு வாழ்த்து சொன்னேன்” என்றாள் யான்லிங். “பிராவோ சொன்னேன். ஸ்வீட் கேட்டேன்.”

“நான் அதைப் படிச்சு சிரிச்சேன்.”

யான்லிங்கின் முகம் இன்னும் வெளுத்தது. “என்னைப் பார்த்து சிரிப்பு?”

“இல்ல, இல்ல.” இதை எப்படிச் சொல்லுவது! தனக்குத் தெரிந்த இங்கிலீஷும் இதற்குப் போதாது என்று ஜெயபாரதிக்குத் தோன்றியது. கண்ணைக் காட்டினாள், தொண்டையைக் காட்டினாள். “எனக்கு அழுகை வரல. இங்கேயே நின்னுடுச்சு. உன் மெசேஜ் வந்துச்சு. எங்கப்பாவுக்கு ஜோக் ரொம்பப் பிடிக்கும். அவர் இருந்திருந்தா எல்லாரையும் விட அவர்தான் பெருசா சிரிச்சிருப்பார். நான் சிரிச்சேன். அப்புறம் அழுதேன். உன்னாலதான் அழுதேன் யான்லிங். தேங்க்ஸ் சொல்ல வந்தேன்.”

யான்லிங் வழியிலிருந்த குழாய்ப் பெட்டிகளை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெயபாரதியை உட்கார வைத்தாள். தான் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

“எங்க மொழியிலும் அப்படித்தான்” என்றாள். “குவோ. ரோடு தாண்டினா குவோ. பரீட்சை தேறினா, குவோ. புது வருஷம் வந்தா அதுக்கும் குவோ. வயசானவர் இறந்தா, குவோ ஷி. உலகத்தைத் தாண்டிட்டார். எனக்குத் தெரியும்! சின்ன வயசிலேருந்து தெரியும். ஆனா இங்கிலீஷ்ல பாஸ்னா சாக்லேட்னு மட்டும் நினைச்சேன்.” தன் நெஞ்சில் கை வைத்தாள். “இங்க வலிச்சா, நான் குவோ.”

“நான் குவோவா?”

“நான் என்றால் கஷ்டம். தாண்டறது கஷ்டம்.”

“எங்க மொழியில ‘நான்’னா ‘மீ’” என்றாள் ஜெயபாரதி.

யான்லிங் யோசித்தாள். “உங்க மொழியில மீ, எங்க மொழியில கஷ்டம்.” அவளுக்கு அது சரியென்றே பட்டிருக்க வேண்டும். மெல்லத் தலையாட்டினாள். அதைப் பார்த்து ஜெயபாரதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யான்லிங் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினாள். இருவரும் ஆளுக்கொன்றாக எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் யான்லிங் வகுப்புக்கு வந்தாள். அஸ்மத் பீவி முதலில் திட்டினாள், பிறகு தன் டப்பாவிலிருந்து கீழக்கரைத் தொதல் அல்வா எடுத்து அவள் வாயில் திணித்தாள். விட்டுப்போன டெஸ்ட்டுக்கு மறுபடி தேதி வாங்கி, இருவரும் ஒரே காரில் ஏறினார்கள். யான்லிங் பாஸ். ஜெயபாரதி திருப்பத்தில் டயரை நடைபாதை விளிம்பில் ஏற்றி ஃபெயில். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யான்லிங் குதிக்காமல், ஜெயபாரதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயபாரதிதான் அவளைக் கட்டிக்கொண்டு, “கத்துடி!” என்றாள். அது தமிழில் வந்துவிட்டது. ஆனாலும் யான்லிங் கத்தினாள்.

ஜெயபாரதிக்கு அந்த வருஷக் கடைசியில்தான் லைசென்ஸ் கிடைத்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் அதை வைத்தாள். அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

அப்பாவின் தலைத் திவசம் முடிந்து, அடுத்த கோடையில் அம்மாவை விசிட் விசாவில் அழைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு துபாய் பிடிக்கவில்லை. முக்கியமாகக் குளியலறை. கோடையில் மாடித் தொட்டி வெயிலில் காய்வதால், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் கொதிக்கக் கொதிக்கத்தான் வரும். ஷவர் குழாயும் எட்டாத உயரத்தில் இருந்தது. “இது என்ன ஊரு, கை கழுவினா தோல் உரியுது” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவைப் பற்றி மட்டும் பேசவே மாட்டாள். ஜெயபாரதி பேச்சை எடுத்தால், “விடுடி” என்று எழுந்து போய்விடுவாள்.

குழாய் விஷயத்தை ஒருநாள் யான்லிங்கிடம் சொன்னதும், தன் கடை வேனை ஓட்டிக்கொண்டு ஸ்பேனரும் பெட்டியுமாக வந்து நின்றுவிட்டாள். குளியலறைக்குள் போய், பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, அம்மாவை எதிரில் நிற்க வைத்து, அவள் இடுப்பு உயரத்தைக் கையால் அளந்தாள். கை ஷவர் ஒன்றை அம்மாவுக்கு எட்டும்படி மாட்டினாள். பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்றையும் கொண்டு வந்திருந்தாள். ராத்திரியே தண்ணீரைப் பிடித்து ஏசி அறையில் வைத்துவிட வேண்டும், காலையில் குளிர்ந்திருக்கும் என்று சைகையால் நடித்துக் காட்டினாள். அம்மா முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுடி இந்தப் பொண்ண.”

ஜெயபாரதி சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். கூடத்தில் அம்மா யான்லிங்குக்கு இட்லி வைத்துக்கொண்டே ஏதோ பேசுவது கேட்டது. தமிழில்தான். யான்லிங் அவ்வப்போது, “ம்” என்றாள்.

“உனக்குத் தெரியுமா கண்ணு, அவரு எனக்கு சைக்கிள் சொல்லிக் குடுத்தாரு. கல்யாணம் ஆன புதுசு. பொன்மலை கிரவுண்டுல, யாரும் வர்றதுக்கு முன்ன விடியக்காலையில. எங்க மாமியாருக்குத் தெரியாது. இவளுக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே பின்னாடி ஓடி வருவாரு மனுஷன். திரும்பிப் பாத்தா கையை விட்டுட்டு அங்க நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்காரு. விழுந்தேன் பாரு. இதோ, இங்க.”

ஜெயபாரதி வாசல் ஓரமாக எட்டிப் பார்த்தாள். அம்மா புடவையை லேசாக உயர்த்தி முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே வெளிறிப்போன ஒரு தழும்பு. இத்தனை வருஷத்தில் ஜெயபாரதி அதைப் பார்த்ததே இல்லை. யான்லிங் குனிந்து, விரல் நுனியால் அதைத் தொட்டாள். பிறகு தன் சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கைக்குக் கீழே இருந்த தன் தழும்பைக் காட்டி, சீன மொழியில் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஐயோ பாவம்” என்றாள் அம்மா. “அப்புறம்?”